வாங்குவதும் வீசுவதும்: சென்னை வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

ஆடித் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் மேளா, பத்து நிமிட டெலிவரி என்று வீட்டுக்குள் பொருள் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் காற்றுக்கும் நீருக்கும் நிலத்துக்கும் என்ன ஆகிறது, ஒரு குடும்பம் எதைச் செய்தால் உண்மையிலேயே பயன் உண்டு, எது வெறும் மனத்திருப்தி என்பதைப் பற்றிய கேள்விகள் இவை.

குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். பிறகு எதற்கு வாங்குவதைப் பற்றிப் பேச்சு?

குப்பைத் தொட்டிக்கு வருவது ஒரு பொருளின் வால் மட்டும்தான். அதன் தலையும் உடம்பும் சுரங்கத்திலும் சாயப்பட்டறையிலும் மின் நிலையத்திலும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. ஸ்மார்ட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, ஏறத்தாழ ஐந்தில் நான்கு, தயாரிப்பின்போதே வெளியாகிவிடுகிறது. நீங்கள் சார்ஜ் போடும் மின்சாரம் சொற்பம். பருத்தித் துணிக்கு, விளைச்சல் முதல் நெசவு வரை, உலகச் சராசரியாகக் கிலோவுக்கு 10,000 லிட்டர் நீர் ஆகிறது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்கவே கூடாது என்று கீழே இருந்த விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மின்சாரமும் விறகும் செலவாகின்றன, கடைசியில் கலப்பு உப்பு மிஞ்சுகிறது. ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கும் பனியனின் விலையில் இந்தக் கணக்கு முழுசாகச் சேருவதில்லை.

வாலும் சின்னதில்லை. சென்னை மாநகராட்சிப் பகுதியில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போனது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங் பணியில் மண், கல் தவிர மிஞ்சுவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் துணியும். அவற்றைச் சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான் அனுப்ப முடிகிறது.

பழையதை வைத்திருப்பது நல்லதா, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியதை வாங்குவது நல்லதா?

பொருளைப் பொறுத்தது. போன், லேப்டாப், துணி, கட்டில், சோபா போன்றவற்றில் கெடுதல் பெரும்பாலும் தயாரிப்பிலேயே இருக்கிறது. இவற்றை எவ்வளவு காலம் இழுக்க முடியுமோ அவ்வளவு காலம் இழுக்க வேண்டும். மூன்று ஆண்டில் மாற்றும் போனை ஆறு ஆண்டு வைத்திருந்தால் தயாரிப்புச் சுமை ஆண்டுக்குப் பாதியாகிறது. இதைவிடப் பெரிய பலன் தரும் ‘பசுமை’ வேலை எதுவும் போன் விஷயத்தில் கிடையாது.

ஏசி, ஃபிரிட்ஜ், ஃபேன், கீசர் வேறு ரகம். இவற்றில் பயன்பாட்டு மின்சாரம்தான் பெரிசு. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 75 வாட் ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 0.36 யூனிட். மாதத்துக்குச் சுமார் 16 யூனிட் மிச்சம். ஹாலில் நாள் முழுக்கச் சுற்றும் ஃபேனை மாற்றுவது லாபம். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறையில் மாற்றுவது வீண்.

ஒரு எச்சரிக்கை. புது ஃபிரிட்ஜ் வந்த பிறகு பழையதைப் பால்கனியில் வைத்துத் தண்ணீர் பாட்டிலுக்கு ஓட்டினால் மிச்சம் எதுவும் இல்லை, கூடுதல் செலவுதான். நீராவி எந்திரங்கள் சிக்கனமானபோது நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் கூடியதை ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1865-இலேயே சுட்டிக்காட்டினார். ‘இன்வெர்ட்டர் ஏசிதானே’ என்று இரவு முழுக்க 20 டிகிரியில் ஓட்டும் வீடுகளில் அதே கதை நடக்கிறது.

ஏசி இல்லாமல் சென்னையில் இருக்க முடியாது. எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்டார் எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏசிக்குள் ஓடிக் குளிர்ச்சி தரும் கேஸின் கசிவை யாரும் பார்ப்பதில்லை. உண்மையில் இரண்டாவதுதான் ஆபத்து.

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. மார்ச் முதல் அக்டோபர் வரை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டும் வீடு அதைத் தாண்டிவிடும். 3 ஸ்டாரில் 1,000 யூனிட், 5 ஸ்டாரில் 800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 200 யூனிட். அதாவது ஆண்டுக்கு 140 கிலோ கரியமில வாயு மிச்சம்.

இப்போது கேஸைப் பாருங்கள். ஏசி கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் அது சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்-32-க்கு இது ஏறத்தாழ 675 கிலோ. ஆர்-290 என்ற புரொப்பேனுக்கு வெகு சொற்பம். ஆக, ஆர்-410ஏ ஏசியிலிருந்து ஒரே ஒரு தடவை ஒரு கிலோ கேஸ் போய்விட்டால், அந்த 5 ஸ்டார் மிச்சத்தைப் பதினான்கு ஆண்டு சேர்த்து வைத்தாலும் ஈடாகாது. வாங்கும்போது அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சென்னையில் கசிவு அதிகமாவதற்குக் காரணம் உண்டு. கடற்கரை ஓரம் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையும் செம்புக் காயிலையும் அரிக்கிறது. கூவம், பக்கிங்காம் கால்வாய், சாக்கடை ஓரங்களில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுப்பாக்கி ஊசித்துளை போடுகிறது. இந்தப் பகுதிகளில் பூச்சுக் கொடுத்த காயில் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

குளிர்ச்சி குறைந்ததும் ‘கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்’ என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். அழுக்கு ஃபில்டராலும் பைப்பில் ஐஸ் கட்டும். உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்ப விடாதீர்கள். குழாய் இணைப்பில் உள்ள ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, சோப்பு நீர் தடவினால் குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெரியாவிட்டால் நைட்ரஜன் அடைத்துச் சில மணி நேரம் பிரஷர் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் குறைந்தது அரை மணி நேரம் இழுக்க வேண்டும். கடைசியில் தகட்டில் போட்டுள்ள எடைக்கு, தராசு வைத்து, கேஸ் ஏற்ற வேண்டும். கேஸையே கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் காற்றைத் தள்ளுவது, கேஜ் முள்ளை மட்டும் பார்த்து நிரப்புவது இரண்டும் அரைகுறை வேலை. ஈரம் தங்கினால் கம்ப்ரசர் சீக்கிரம் போகும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் ரகம். அதைக் காலி செய்யாமல் வெல்டிங் வைக்க அனுமதிக்கவே கூடாது.

2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி வருகின்றன. அதை அப்படியே விட்டு, கூடவே ஃபேன் போட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம். மேல்மாடி வீடு என்றால், ஒன்றரை டன்னுக்குப் பதில் இரண்டு டன் வாங்குவதற்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பூச்சு அடித்துப் பாருங்கள்.

மிக்ஸி, ஃபேன் ரிப்பேருக்குக் கொடுத்தால் ‘புதுசே வாங்கிடுங்க’ என்கிறார்களே?

பெரும்பாலும் பழுதாவது நூறு இருநூறு ரூபாய்ப் பாகம்தான். அதைத் தெரிந்துவைத்திருந்தால் அந்தப் பேச்சு நடக்காது.

மிக்ஸி அடியோடு ஓடவில்லையென்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனைப் பாருங்கள். மோட்டார் சூடேறினால் அது வெளியே துள்ளிவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். ஓடும்போது கடகட என்று வழுக்கினால், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. பல மாடல்களில் கப்ளருக்குத் தலைகீழ் மரை என்பதால் வழக்கமான பக்கம் பலமாகத் திருகி உடைத்துவிடாதீர்கள். சட்னியில் கறுப்புப் பிசுக்கு வந்தால் ஜாரின் அடியில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாம். விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே பொறி பறக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் கார்பன் பிரஷ். இரண்டு பிரஷ்ஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பிரஷ்ஷோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிரஷ் உரசும் காமுடேட்டர் குழிவிழுந்து, மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரையே மாற்ற வேண்டியிருக்கும். அங்கேதான் செலவு ஏறுகிறது. ஜாரைக் கழுத்துவரை நிரப்பித் தண்ணீர் விடாமல் உளுந்து அரைப்பதுதான் இத்தனைக்கும் தொடக்கம்.

ஃபேன் வேகம் குறைந்தால் பத்துக்கு எட்டு கெப்பாசிட்டர்தான். ஐந்தாம் நம்பரில் வைத்தும் சோம்பலாகச் சுற்றும். கையால் தள்ளிவிட்டால் மட்டும் கிளம்பும். மெயின் சுவிட்சை அணைத்து, மேல் கப்பை இறக்கினால் சின்னப் பெட்டியாகத் தெரியும். வீட்டு சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அதே அளவைத்தான் போட வேண்டும். வேகம் கூடட்டும் என்று 3.15 போட்டால் வைண்டிங் சூடாகிச் சில கோடைகளில் எரிந்துபோகும். கிரீச் சத்தம் வந்தால் பேரிங். அதன் எண் பேரிங்கின் மேலேயே பொறித்திருக்கும்.

மோட்டாரே எரிந்துபோனது போன்ற பெரிய பழுதுக்கு ஒரு கணக்கு போதும். ரிப்பேர்ச் செலவை அது தரக்கூடிய ஆண்டுகளால் வகுங்கள், புதிய விலையையும் அப்படியே. 800 ரூபாய் ரிப்பேர் மூன்று ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 267. 4,500 ரூபாய் மிக்ஸி எட்டு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 563. பாகமே கிடைக்கவில்லை என்றால்தான் சிக்கல். புதிதாக வாங்கும்போதே ‘இதுக்கு ஜார், கப்ளர் தனியா கிடைக்குமா’ என்று கேட்டுவிடுங்கள். பதில் இழுபறியாக வந்தால் வேறு மாடலைப் பாருங்கள். மின்னணுப் பாகங்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

பொருள்களை வேண்டுமென்றே சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்கிறார்களா?

செய்ததற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1924-இல் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்த ஒப்புக்கொண்டன. அதைத் தாண்டி எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தன. இன்று அவ்வளவு அப்பட்டமாக நடக்கத் தேவையில்லை. கழற்ற முடியாதபடி ஒட்டிய பேட்டரி, நிறுத்தப்பட்ட சாஃப்ட்வேர் அப்டேட், தனியாக விற்காத பாகம், இவையே போதும். போன் வாங்கும்போது கேமராவைப் பற்றி இருபது கேள்வி கேட்கிறோம். அப்டேட் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம்தானே?

எப்படியும் வாங்க வேண்டிய பொருளாக இருந்தால் மிச்சம். கடைக்குள் போன பிறகு தோன்றிய தேவையாக இருந்தால், 50 சதவீதத் தள்ளுபடி என்பது 50 சதவீதச் செலவு.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே பட்டியலும் அளவும் எழுதிக்கொண்டு போங்கள். ‘மூணு வாங்கினா ரெண்டு ஃப்ரீ’ என்பதில் ஐந்தையும் அடுத்த இரண்டு ஆண்டில் உடுத்துவீர்களா என்று மட்டும் பாருங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதிலும் வட்டி இருக்கிறது. அதைத் தள்ளுபடியாகக் காட்டிக் கழிக்கிறார்கள். கார்டில் போட்டால் அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் ஸ்டேட்மென்ட்டில் தனியாக வந்து நிற்கும். முழுத் தொகை கொடுத்தால் கூடுதல் தள்ளுபடி உண்டா என்று கேட்டால் உண்மை விலை தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் மேளாவில் கொடுக்கும் பழைய பொருள் பெரும்பாலும் மறுவிற்பனைக்கோ காயலாங்கடைக்கோ போகும். ‘பழசைக் கொடுத்தேன், அதனால் சூழலுக்கு நல்லது’ என்று கணக்கெழுத வேண்டாம்.

மஞ்சப்பை எடுத்துப்போனால் போதுமா?

எடுத்துப்போன பையையே திரும்பத் திரும்ப எடுத்துப்போனால் போதும். பருத்திப் பைக்கு நீரும் உரமும் மின்சாரமும் நிறைய ஆகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, புவி வெப்பமாதல் கணக்கில், பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். 2018-இல் டென்மார்க் அரசின் ஆய்வு வேறு அனுமானங்களோடு 52 தடவை என்றது. மற்ற பாதிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 7,100 என்றது. அந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘பிளாஸ்டிக்கே மேல்’ என்று சிலர் வாதாடுகிறார்கள். மழைநீர் வடிகாலை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அந்தக் கணக்கில் வராதவை.

வாரம் இரண்டு தடவை காய்கறிக்கு எடுத்துப்போனால் 131 என்பது ஒன்றேகால் ஆண்டு. நல்ல தையல் உள்ள பை அதைத் தாராளமாகத் தாண்டும். சிக்கல் வேறிடத்தில். ஒவ்வொரு கல்யாணத்திலும் தாம்பூலப் பை, ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு சணல் பை என்று வீட்டில் இருபது முப்பது சேர்ந்து கிடக்கின்றன. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் 2022-இல் வந்தது. மறந்துபோனவருக்கு நல்ல வசதி. போகும்போதெல்லாம் ஒன்று எடுத்தால் பயனில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் ஒன்று, அலுவலகப் பையில் மடித்து ஒன்று இருக்கட்டும்.

துணிப் பை என்று கடையில் கொடுக்கும் பலவும் துணியே கிடையாது. நெசவு இழை தெரியாமல், புள்ளி புள்ளியாக அழுத்திய மாதிரி இருந்தால் அது நான்-வோவன் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பொருள்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. டீக்கடைக்காரர்களில் பலருக்கே இது தெரியாது.

எந்தப் பிளாஸ்டிக்கைப் பழைய பேப்பர் கடையில் எடுப்பார்கள்?

விலை போவதை எடுப்பார்கள். தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, எண்ணெய்க் கேன், உடைந்த பக்கெட், கழுவிக் காயவைத்த பால் கவர் ஆகியவை போகும். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே எல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறைகள். பிரிக்க முடியாது, அதனால் யாருக்கும் வேண்டாம். தெர்மோகோல் எடையில்லாமல் இடத்தை அடைப்பதால் அதையும் தவிர்ப்பார்கள். ஒரு ரூபாய் சாஷேக்குப் பதில் பெரிய பாட்டில் வாங்குவதன் பலன் இங்கே நேரடியாகத் தெரியும். பால் கவரின் முனையை வெட்டித் தனித் துண்டாக வீசாதீர்கள். முனை கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டினால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

ஆர்ஓ தேவையா?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை (டிடிஎஸ்) காட்டும் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றையும் தனித்தனியே அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்கிறது. மாற்று வழி இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்கிறது. 500-க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ வேண்டாம். காய்ச்சுவதோ யுவி, யுஎஃப் வடிகட்டியோ போதும். ஆனால் டிடிஎஸ் குறைவு என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. மீட்டருக்குக் கிருமி தெரியாது.

சாதாரண வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்குப் பத்து லிட்டர் எடுத்தால், கழிவு ஆண்டுக்குச் சுமார் 11,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஒன்றைவிடக் கூடுதல். 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் வறண்டு லாரிக்காகத் தெருவெல்லாம் குடம் வரிசை கட்டிய ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்து ஆர்ஓ தவிர்க்க முடியாவிட்டால், கழிவுக் குழாயை பக்கெட்டில் விட்டு வீடு துடைக்க, கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். செடிக்கு ஊற்றினால் நாளடைவில் மண்ணில் உப்பு ஏறும்.

அபார்ட்மென்ட்டில் கம்போஸ்ட் போட முடியுமா? நாறாதா?

முடியும். நாறினால் செய்முறையில் கோளாறு என்று பொருள். முதலில், இதற்காகப் பல ஆயிரம் ரூபாய்க்கு அழகான கம்போஸ்ட் சாதனம் வாங்க வேண்டாம். அதுவும் ஷாப்பிங்தான்.

20 லிட்டர் காலிப் பெயின்ட் பக்கெட் மூன்று போதும். ஒவ்வொன்றின் பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் துளைகளும், அடியில் ஐந்தாறு துளைகளும் போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் நான்கு அங்குலம் காய்ந்த இலை. தெரு பெருக்குபவரிடம் சொல்லிவைத்தால் புங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி இலை மூட்டையாகவே கிடைக்கும். தினமும் காய்கறித் தோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டு, அதே கொள்ளளவு காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ மேலே மூடுங்கள். தொடங்கும்போது ஒரு டம்ளர் புளித்த மோர் அல்லது சாணிக் கரைசல் தெளித்தால் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும். மூன்று நாளுக்கு ஒரு தடவை கிளற வேண்டும். ஒரு பக்கெட் நிரம்பியதும் மூடிவைத்து அடுத்ததற்குப் போங்கள். மூடிய பக்கெட் 45 முதல் 60 நாளில் கறுத்து மண்வாசனை வரும். சலித்து எடுத்தால் மிச்சமிருக்கும் கட்டிகளை அடுத்த பக்கெட்டில் உறைமோர்போலச் சேர்க்கலாம்.

அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை. காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்தது குறைவு. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, நீர் தெளியுங்கள். வெள்ளையாக நெளியும் புழுக்களைப் பார்த்துத்தான் பலர் கைவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்னும். பிடிக்காவிட்டால் மேலே கனமாகக் காய்ந்த இலை போட்டால் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு காய்ந்தது தேவை. அதைப் புரட்டாசியிலேயே சேர்த்துவையுங்கள். எலும்பு, எண்ணெய்க் குழம்பு, மாங்கொட்டை, தேங்காய் ஓடு வேண்டாம்.

இந்த ஈரக் கழிவு கிடங்குக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். தவிர, ஈரக் கழிவு தனியாகப் போனால் காகிதமும் அட்டையும் ஈரமாகிக் கெடாமல் விலை போகும்.

பழைய போன், உப்பிய பேட்டரி?

உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, குப்பை வண்டியில் போடவும் கூடாது. லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, உலர் மணல் போட்ட உலோக டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து லாக் அவுட் செய்து, பிறகு ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். வரிசையை மாற்றினால் பூட்டிக்கொண்டு அடுத்தவருக்கு உதவாமல் போகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி இலக்கை நிறைவேற்றும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. பிராண்டின் இணையதளத்தில் திரும்பப் பெறும் இடங்களைப் பார்க்கலாம். மாநகராட்சிச் சேவைகளுக்கு 1913-இல் கேட்கலாம். காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் கேபிளை எரித்துச் செம்பும், அமிலத்தில் நனைத்துத் தங்கமும் எடுக்கும் கைக்கு அது போகவும் வாய்ப்பிருக்கிறது. கேபிளின் மேலுறையான பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உருவாகும். இரும்பு, அலுமினியம், பாத்திரத்துக்குக் காயலாங்கடை அருமையான இடம். சர்க்யூட் போர்டு உள்ள எதற்கும் வேண்டாம்.

போகிக்குப் பழசைக் கழிக்கிறோம். பழைய துணியை என்ன செய்வது?

எரிக்க வேண்டாம். அந்தக் காலத்துப் போகியில் எரிந்தது ஓலையும் பாயும். இன்று பாலியஸ்டரும் டயரும் எரிகின்றன. போகிக்கு முன்பே மாநகராட்சி டயர், துணி, பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. அறிவிப்பு வரும் வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

துணியை மூன்றாகப் பிரிக்கலாம். உடுத்தும் நிலையில் உள்ளதைத் துவைத்து, பட்டன் சரிபார்த்து, அளவு எழுதிக் கொடுங்கள். 2015 வெள்ளத்தின்போது நிவாரணமாக வந்து குவிந்த கிழிந்த துணி தெருவோரக் குப்பையாகி, அதையும் துப்புரவுப் பணியாளர்கள்தான் அள்ளினார்கள். நைந்த பருத்தி கைத்துடைப்பு, மெத்தை உறை ஆகும். மெக்கானிக் ஷெட்டிலும் பருத்தி வேஸ்டுக்கு எப்போதும் தேவை உண்டு. நைந்த பாலியஸ்டருக்கு நல்ல வழி எதுவும் கிடையாது. வாங்கும்போதே யோசிக்க வேண்டிய துணி அது. துவைக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் நுண்ணிழையும் விடுகிறது. தெருமுனைத் தையற்காரரிடம் பேன்ட் இடுப்பை இளக்குவதும் பிளவுசில் பக்கம் பிரிப்பதும் இன்னும் மலிவுதான். தைக்கக் கொடுக்கும்போது உள்ளே இரண்டு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள்.

ஆன்லைன் டெலிவரி மோசமா?

ஒரே வண்டி தெருவுக்கு முப்பது பார்சல் கொண்டுவந்தால், நீங்கள் பைக்கில் தி.நகர் போய் வருவதைவிட மேல். ஒரு கொத்து கொத்தமல்லிக்காகப் பத்து நிமிடத்தில் ஒருவர் தனியாக வண்டியில் வந்தால் படுமோசம். பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அளவு பார்க்க மூன்று சைஸ் வரவழைத்து இரண்டைத் திருப்புவது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். நடந்து போகும் தூரத்தில் அண்ணாச்சி கடை இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

ஐஎஸ் 17088 என்ற தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று விவரமும் பையின் மேல் அச்சாகியிருக்க வேண்டும். இருந்தாலும் அது மக்குவது தொழிற்சாலைக் கம்போஸ்ட்டின் சூட்டில். உங்கள் பெயின்ட் பக்கெட்டிலோ கால்வாயிலோ மக்காது. வெறுமனே பச்சை இலைப் படமும் ‘இகோ’ என்ற சொல்லும் இருந்தால் அதற்கு மதிப்பே கிடையாது.

ஒரு வீடு மாறி என்ன ஆகிவிடும்?

ஒரு வீட்டால் ஆவது கொஞ்சம்தான். தயாரிப்பாளரையும் அரசையும் விட்டுவிட்டு எல்லாப் பழியையும் நுகர்வோர் தலையில் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. அதனால் வீட்டுக்கு அடுத்த படியில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

பாகம் தர மறுக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியும்போது அது உதவும். மத்திய நுகர்வோர் துறை 2022-இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் பல நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்கள் உள்ளன.

அடுக்ககச் சங்கம் இருந்தால் இன்னும் எளிது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் வளாகத்தை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. குடும்பத்துக்கு நாளைக்கு இரண்டு கிலோ என்றால் ஐம்பது வீட்டிலேயே 100 கிலோ ஆகிவிடும். ஒரு வாரம் எடைபோட்டுப் பதிவு செய்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அதோடு டிரில்லிங் மெஷின், உயரமான ஏணி, பெரிய இட்லிக் கொப்பரை, ஐஸ் பெட்டி, சூட்கேஸ் ஆகியவற்றை வளாகத்துக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வீட்டுக்கு இரண்டு டிரில்லிங் மெஷின் தாராளம். எடுத்தவர் பெயர், தேதி, திருப்பித் தரும் நாள் என்று ஒரு நோட்டு வாட்ச்மேன் மேசையில் இருக்கட்டும். டிரில் பிட்டை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும். பொதுவில் வைத்தால் முதலில் காணாமல்போவதும் முனை மழுங்குவதும் அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை வயரையும் பிளக்கையும் எலக்ட்ரீஷியனிடம் காட்ட 500 ரூபாய் ஒதுக்கிவையுங்கள்.